பீவோ: ஒரு பட்டப்பெயரும் ஓர் எருதும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். அங்குள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளில், ஆடுகளத்தின் ஓரத்தில் ஓர் எருது நிற்கும். செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த உடல். ஆள் உயரத்துக்கு அகன்று விரிந்த கொம்புகள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சுற்றிலும் கத்திக்கொண்டிருப்பார்கள். எருது பெரும்பாலும் அசைபோட்டபடி படுத்திருக்கும். அதன் பெயர் பீவோ.

ஆட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் விதிகள் தெரியாதவர்களுக்கும் இந்த எருதைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாடு எதற்கு? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் பெயர் சூட்டும் வழக்கம், ஒரு பழம்பகை, ஒரு பொய்க்கதை, அழிவின் விளிம்பிலிருந்து திரும்பிய ஒரு மாட்டினம் எல்லாம் வந்து சேர்கின்றன.

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்குப் பட்டப்பெயர் ஒன்று இருக்கும். மாஸ்காட் என்ற சின்னமும் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று பலரும் நினைக்கிறார்கள். பட்டப்பெயர் அணியை அழைக்கும் பெயர். மாஸ்காட் என்பது அணிக்கு நல்லூழ் தரும் என்று நம்பி மைதானத்துக்கு அழைத்து வரும் விலங்கு, அல்லது அந்த வேடமிட்ட மனிதர். அலபாமா பல்கலைக்கழக அணியின் பட்டப்பெயருக்குக் 'கருஞ்சிவப்பு அலை' என்று பொருள். அதன் மாஸ்காட்டோ யானை. அலைக்கும் யானைக்கும் என்ன உறவு என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்தால் வந்து ஒட்டிக்கொண்டவை என்பதே பதில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'கார்டினல்' என்ற பெயரைக் கேட்டுச் சிவப்புப் பறவையை நினைப்பவர்கள் உண்டு. அது சிவப்பு நிறத்தின் பெயர் மட்டுமே. அங்கே ஆடிப்பாடி வருவது மர வேடமிட்ட ஒரு மாணவர்.

'மாஸ்காட்' என்ற சொல்லுக்கு வேர், தெற்கு பிரான்சின் வட்டார மொழியில் மந்திரம், தாயத்து ஆகியவற்றைக் குறித்த ஒரு சொல். 1880-இல் எட்மோன் ஓத்ரானின் இசையில் பாரிஸ் மேடையேறிய 'லா மாஸ்கோட்' என்ற இசைநாடகம் அதைக் கடல் கடந்து கொண்டுபோனது. தான் இருக்கும் வீட்டுக்கு நல்லூழ் கொண்டுவரும் ஒரு பெண்ணைப் பற்றியது அந்த நாடகம். பத்தாண்டுகூட ஆகவில்லை, 1889-இல் யேல் பல்கலைக்கழகத்தினர் ஹேண்ட்ஸம் டேன் என்ற புல்டாக் நாயை அணியோடு மைதானத்துக்கு அழைத்துவரத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் உயிருள்ள மாஸ்காட்டுகளின் வரலாறு அந்த நாயோடு தொடங்குவதாகவே சொல்வார்கள்.

டெக்சசில் பட்டப்பெயர்தான் முதலில் வந்தது. மாடு வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

1883-இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. 1893-இல் கால்பந்து அணி உருவானபோது அதற்கென்று தனிப் பெயர் எதுவும் இல்லை. செய்தித்தாள்கள் 'வார்சிட்டி' என்று எழுதின. பல்கலைக்கழக அணி என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றும் கிடையாது. 1903-இல் மாணவர் பத்திரிகையான 'டெக்ஸன்' ஒரு முடிவுக்கு வந்தது: விளையாட்டுச் செய்தி எது வந்தாலும் அணியை 'லாங்ஹார்ன்ஸ்' என்றே எழுத வேண்டும், எழுதி எழுதியே பெயரை நிலைக்க வைக்க வேண்டும். லாங்ஹார்ன் என்றால் நீள்கொம்பு மாடு. எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போடவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. மை தீரத் தீர எழுதிய மாணவர்கள்தான் அந்தப் பெயரை நிலைநாட்டினார்கள். சில ஆண்டுகளில் வெளியூர்ப் பத்திரிகைகளும் அப்படியே எழுதத் தொடங்கின. 1913-இல் லட்சர் ஸ்டார்க் என்ற செல்வந்தர் ஆட்டக்காரர்கள் குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் போர்வைகள் வாங்கித் தந்தார். அவற்றில் 'லாங்ஹார்ன்' என்ற சொல் தைக்கப்பட்டிருந்தது.

பெயர் மாட்டினுடையது, ஆனால் அங்கே முதலில் வந்த விலங்கு ஒரு நாய். 1914-இல் விளையாட்டுத் துறையின் இயக்குநர் தியோ பெல்மான்ட் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். அணியில் 'பிக்' என்று அழைக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரருக்குக் கால்கள் வளைந்திருந்தன, நாய்க்கும் அப்படியே. அதனால் நாயும் 'பிக்' ஆகிவிட்டது. வளாகம் முழுக்க அது தன் விருப்பப்படி திரிந்தது, ஆட்டங்களுக்குப் போனது. 1923-ஆம் ஆண்டின் முதல் நாள், வளாகத்தை ஒட்டிய தெருவில் ஒரு ஃபோர்டு மாடல் டி கார் அதன்மேல் மோதியது. சில நாட்களில் அது இறந்துவிட்டது. மாணவர்கள் அதன் உடலைப் பெட்டியில் வைத்து ஆரஞ்சு, வெள்ளை நாடாக்கள் சுற்றி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வாத்தியக் குழு முன்னே செல்ல ஊர்வலமாக எடுத்துச் சென்று வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். பேராசிரியர் ஒருவர் இரங்கலுரை ஆற்றினார். இதை ஏதோ வேடிக்கை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் தங்களோடு வாழ்ந்த ஒரு ஜீவனுக்கு அந்த இளைஞர்கள் முறையாக விடைகொடுத்தார்கள். பீவோவுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

ஸ்டீபன் பிங்க்னி என்பவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். நாய் இருந்தால் என்ன, பெயருக்கேற்ற மாடு ஒன்று மைதானத்தில் நிற்க வேண்டாமா என்பது அவருடைய ஆசை. 1916-இல் மேற்கு டெக்சசில் வேலையாகப் போன இடத்தில் ஓர் எருது அவர் கண்ணில் பட்டது. அதன் தோல் ஆரஞ்சு நிறத்தை ஒத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் நிறங்கள் ஆரஞ்சும் வெள்ளையும் என்பது 1900-இல் வாக்கெடுப்பு வழியாகவே முடிவாகியிருந்தது. பழைய மாணவர்கள் 124 பேரிடம் ஆளுக்கு ஒரு டாலர் திரட்டி அந்த எருதை வாங்கி, சரக்கு ரயில் பெட்டியில் ஏற்றி ஆஸ்டினுக்கு அனுப்பினார் பிங்க்னி. வழியில் அதற்குத் தீவனமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 30, நன்றி நவிலல் நாள். எதிராளி டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி. இரண்டும் ஒரே மாநிலத்தின் அரசுக் கல்வி நிலையங்கள், தீராத போட்டியாளர்கள். முந்தைய ஆண்டு, 1915-இல், ஏ அண்ட் எம் 13-0 என்ற கணக்கில் வென்றிருந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை டெக்சஸ் 21-7 என்று பழிதீர்த்துக்கொண்டது. ஆட்டத்தின் இடைவேளையில், பசியும் மிரட்சியுமாக நின்ற அந்த எருதை மைதானத்துக்குள் இழுத்துவந்து பல்கலைக்கழகத்துக்குப் பரிசளித்தார்கள். பிறகு ஆஸ்டினின் தென்பகுதியில் இருந்த மாட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய் நிழற்படம் எடுக்க முயன்றபோது, அது படம் பிடிப்பவரையே முட்டப் பாய்ந்தது.

டிசம்பர் மாதம் வெளிவந்த பழைய மாணவர் இதழான 'அல்கால்டே'யில், அதன் ஆசிரியர் பென் டயர் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். எருதின் பெயர் பீவோ என்று அதில்தான் முதன்முதலாக அச்சேறியது. அந்தப் பெயர் ஏன் என்று அவர் விளக்கவில்லை. அந்த மௌனம்தான் பின்னால் ஒரு கட்டுக்கதை முளைக்க இடம் கொடுத்தது.

1917 பிப்ரவரியில் ஓர் இரவு, ஏ அண்ட் எம்மைச் சேர்ந்த சிலர் மாட்டுப்பட்டிக்குள் புகுந்தார்கள். எருதைக் கட்டிப்போட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதன் விலாவில் 13-0 என்று சூடு போட்டார்கள். உடைமையைக் காட்ட மாட்டுக்குச் சூடு போடுவது பண்ணைகளில் நெடுநாள் வழக்கம். ஓர் ஆட்டத்தின் கணக்கை எழுதிவைக்க அந்தத் தோலைப் பயன்படுத்தியதைக் குறும்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இனி அந்தக் கட்டுக்கதைக்கு வருவோம். டெக்சஸ் மாணவர்கள் இந்த அவமானத்தை மறைக்க அந்தச் சூட்டுக்குறியையே திருத்தினார்களாம். 1-ஐயும் 3-ஐயும் ஒட்டினால் ஆங்கிலத்தின் 'பி' எழுத்து வந்துவிடும். நடுவே இருந்த சிறு கோட்டை 'ஈ' ஆக்கினார்கள். அடுத்து ஒரு 'வி'யைச் செருகினார்கள். பூஜ்யம் 'ஓ'வாகவே நின்றது. இப்படித்தான் 'பீவோ' பிறந்ததாம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தம்! தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லிவருகிறார்கள். இன்றும் பலர் நம்புகிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள். பெயர் அச்சேறியது 1916 டிசம்பரில். சூடு விழுந்தது 1917 பிப்ரவரியில். இல்லாத குறியைத் திருத்திப் பெயர் வைக்க முடியாது. இதைவிட வலுவான இன்னொரு சாட்சியும் உண்டு. அது அந்த எருதின் தோல். அதைச் சொல்ல எருதின் முடிவுக்குப் போக வேண்டும்.

சூடு போடப்பட்ட சில நாட்களில் பீவோவை ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அதற்குப் பின் எருதை நினைக்க யாருக்கும் நேரமில்லை. போர் முடிந்தது, தீவனச் செலவு ஏறிக்கொண்டே போனது. மைதானத்துக்குப் பழகாத, முரட்டுத்தனம் மாறாத எருது அது. 1920 ஜனவரியில் அதைக் கொழுக்க வைத்து அறுத்து, கால்பந்து அணியின் விருந்தில் பரிமாறினார்கள். விருந்துக்கு ஏ அண்ட் எம் ஆட்களும் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் சூடு போட்ட விலாப் பக்கம் அவர்களுக்கே பரிமாறப்பட்டது. தோலும் பரிசாகத் தரப்பட்டது. அதில் அப்போதும் 13-0 என்றே இருந்தது.

ஆக, அந்தக் குறி திருத்தப்படவே இல்லை. அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? அதே 1916-இல் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் 'பீவோ' என்ற மது கலவாத பானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். இறைச்சிக்கான மாட்டைக் குறிக்கும் 'பீவ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு 'ஓ' சேர்ந்தது என்பது இன்னொரு கருத்து. அந்தக் காலத்துப் படக்கதைகளில் பெயர்களின் கடைசியில் 'ஓ' சேர்ப்பது மோகமாக இருந்தது. இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது; மாட்டுக்கு மாட்டைக் குறிக்கும் சொல்லையே செல்லப்பெயராக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் இறைச்சியையும் சேர்த்தே சொல்கிறது என்பதும், விருந்தில் அது உண்மையானதும்தான் மனதை உறுத்துகிறது.

மாணவர்கள் 'லாங்ஹார்ன்' என்று எழுதிக் குவித்த அதே ஆண்டுகளில், உண்மையான லாங்ஹார்ன் மாடுகள் மறைந்துகொண்டிருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் ஸ்பெயினின் மாடுகள் கடல் கடந்தன. அவற்றின் வழிவந்தவை மெக்சிகோ வழியாக டெக்சசுக்கு வந்து, காட்டில் மேய்ந்து, வறட்சியைத் தாங்கி, நெடுந்தூரம் நடக்கும் வலுப்பெற்று ஓர் இனமாயின. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சசில் மாடுகள் லட்சக்கணக்கில் திரிந்தன. அங்கே 4 டாலருக்கு விலைபோன மாட்டுக்கு வடக்கே 40 டாலர் கிடைத்தது. 1867-இல் கேன்சஸ் மாநிலத்தின் அபிலீனில் ரயிலடியை ஒட்டி மாட்டுச் சந்தை திறந்ததும், மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்லும் காலம் தொடங்கியது. கவ்பாய் என்று உலகம் அறிந்துவைத்திருக்கும் உருவத்தின் பெரும்பகுதி இந்தப் பயணங்களில் பிறந்ததுதான்.

அந்தக் காலம் இருபது ஆண்டு போல்தான் நீடித்தது. 1874-இல் ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் போயின. லாங்ஹார்ன் மாடுகளின் உடலில் இருந்த உண்ணிகள் பரப்பிய காய்ச்சல் அவற்றை அதிகம் பாதிக்கவில்லை. அவை நடந்துபோன வழியெல்லாம் வேறு இன மாடுகள் செத்து விழுந்தன. அதனால் வடக்கு மாநிலங்கள் அவற்றுக்கு எல்லையை மூடின. சதைப்பற்று மிகுந்த ஆங்கில இன மாடுகளைப் பண்ணையாளர்கள் விரும்பத் தொடங்கினார்கள். 1920-களில் கலப்பில்லாத லாங்ஹார்ன் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 3,000 டாலர் ஒதுக்கியது. வனத்துறை அலுவலர்கள் இருவர் டெக்சஸ் முழுக்க அலைந்து ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்து, இருபது பசுக்களையும் சில காளைகளையும் மட்டும் தேர்ந்து, ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். இன்று காணும் லாங்ஹார்ன் மாடுகளில் பலவற்றுக்கு அந்தச் சிறு மந்தையே மூதாதை. 1995-இல் டெக்சஸ் அரசு லாங்ஹார்னை மாநிலத்தின் பெரிய பாலூட்டி விலங்காக அறிவித்தது.

இரண்டாவது பீவோ வந்தது 1932-இல், மூன்றாவது 1945-இல். எல்லாமே காயடிக்கப்பட்ட எருதுகள். காயடித்தால் முரட்டுத்தனம் தணியும் என்பது தெரிந்ததே. கொம்பும் காளையின் கொம்பைவிட நீளமாக வளரும். ஆனாலும் அந்தக் கால எருதுகள் எளிதில் வசப்படவில்லை. மூன்றாவது பீவோ தப்பியோடி வளாகத்தில் இரண்டு நாள் அலைந்தது. ஐந்தாவது, கயிற்றை அறுத்துக்கொண்டு எதிரணி வாத்தியக் குழுவைக் கலைத்தது. 1945-இலிருந்து 'சில்வர் ஸ்பர்ஸ்' என்ற மாணவர் அமைப்பினர் பீவோவைப் பேணிவருகிறார்கள். பின்னால் வந்த எருதுகளைக் கன்றிலேயே தேர்ந்து, இரைச்சலுக்கும் கூட்டத்துக்கும் பழக்கினார்கள். இப்போது இருப்பது பதினைந்தாவது பீவோ. 2016-இல் முதன்முதலாக மைதானத்துக்கு வந்தது. ஆட்டமில்லாத நாட்களில் பண்ணையில் மேய்கிறது.

எருது வந்து சேர்ந்தபின் பட்டப்பெயரும் புதுப்புது வடிவங்கள் எடுத்தது. 1955 நவம்பரில் ஹார்லி கிளார்க் என்ற மாணவர், உற்சாகமூட்டும் கூட்டமொன்றில் கையை உயர்த்திக் காட்டினார்: சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்திருக்க, நடு இரண்டு விரல்களையும் கட்டைவிரல் அடக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கொம்புகள்! அடுத்த ஆட்டத்தில் டெக்சஸ் 47-20 என்று தோற்றுப்போனது. தோல்வி அந்த முத்திரையை அசைக்கவில்லை. இன்றுவரை டெக்சஸ்காரர்கள் எந்த ஊரில் எதிர்ப்பட்டாலும் அதைக் காட்டிக்கொள்கிறார்கள். 2005-இல் அமெரிக்க அதிபரின் பதவியேற்பு விழாவில் புஷ் குடும்பத்தார் அதைக் காட்ட, நார்வே நாட்டினர் அதைச் சாத்தானின் அடையாளம் என்று எண்ணி அதிர்ந்துபோனார்கள்.

உயிருள்ள விலங்கை இரைச்சலுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துவது சரியா என்ற கேள்வி ஓயவில்லை. 2019 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ். டெக்சசும் ஜார்ஜியாவும் மோதும் ஆட்டம் தொடங்கும் முன், ஜார்ஜியாவின் புல்டாக் நாயான ஊகாவை பீவோவுக்கு அருகே அழைத்துவந்தார்கள். ஏறத்தாழ முக்கால் டன் எடையுள்ள எருது, இரும்புத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு நாய் இருந்த பக்கம் பாய்ந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிதறினார்கள். நல்லவேளை, யாருக்கும் பெரிய காயமில்லை. விலங்கு உரிமை அமைப்பான பீட்டா, இரண்டு பல்கலைக்கழகங்களும் உயிருள்ள மாஸ்காட்டுகளைக் கைவிட வேண்டும் என்று கேட்டது.

பண்ணையில் நன்றாக வைத்துப் பேணுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மறைந்துகொண்டிருந்த ஓர் இனத்தின் மீது மக்களின் கண் படிந்திருக்க இந்த எருதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எனினும் ஒரு லட்சம் பேரின் கூச்சலைத் தேர்ந்துகொண்டது எருதல்ல என்ற நினைவு விலகுவதில்லை. வேடமிட்ட மனிதர் வருவது எனக்குப் போதும். டெக்சசுக்கு அப்படி 'ஹுக் எம்' என்ற வேடச் சின்னமும் இருக்கிறது.

2024-இல் டெக்சஸ் தென்கிழக்கு மாநாடு என்ற போட்டித் தொகுப்பில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே அதன் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறியது. டிசம்பர் 7, அட்லாண்டா. எதிரே மறுபடியும் ஜார்ஜியா. ஆடுகளத்தின் ஓரத்தில் போதிய இடமில்லை என்று பீவோவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் டெக்சஸ் 22-19 என்று தோற்றது. அன்று மைதானத்தில் லாங்ஹார்ன்ஸ் என்ற பெயர் இருந்தது, கொம்புபோல் உயர்ந்த கைகள் இருந்தன. எருது மட்டும் டெக்சசிலேயே இருந்தது.